ஸ்கேட் ஷூ விலை ஏறிக்கொண்டே போகிறது, கொடுக்கிற காசுக்குத் தகுமா?

நாலுசக்கரம்:

எல்லோருக்கும் வணக்கம். நேராகக் கேட்டுவிடுகிறேன். நான் பெரும்பாலும் சமதரையில்தான் ஸ்கேட்போர்டு ஓட்டுகிறேன். ஆலி (பலகையோடு எம்புவது), கிக்ஃபிளிப் (எம்பும்போது பலகையைக் காலால் சுண்டிப் புரட்டுவது) நன்றாக வரும், இப்போது பலகையைப் புரட்டிக்கொண்டே ஒரு முழுச் சுற்றும் சுற்றவைக்கிற ட்ரே ஃபிளிப் பழகிக்கொண்டிருக்கிறேன், படிக்கட்டுப் பக்கம் போவதே இல்லை. முன்னங்கால் ஷூவில் சுண்டுவிரலை ஒட்டி வெளிப்பக்கமாக ஓர் ஓட்டை விழுகிறது, எந்த ஷூ வாங்கினாலும் அதே இடம். முதலில் தையல் நூல் பிரியும், அப்புறம் தோல் தாளாகும், அப்புறம் சாக்ஸ் எட்டிப் பார்க்கும். அந்த நேரத்தில் பின்னங்கால் ஷூவை எடுத்துப் பார்த்தால் மேல்பக்கம் புதிதாகவே இருக்கிறது. ஒரு கட்டைவிரல் அகல ஓட்டைக்காக முழு ஜோடியையும் தூக்கிப் போடும்போது வயிறு எரிகிறது.

போதாததற்கு விலை. அதே மாடல், அதே நிறம், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கொஞ்சம் கூடியிருக்கிறது, தோல் மட்டும் முன்பைவிட மெலிந்த மாதிரி எனக்குப் படுகிறது. தட்டையான அடி உள்ள சாதாரண கேன்வாஸ் ஷூ இதில் பாதிக்கும் குறைவான விலைக்குக் கிடைக்கிறது. அதை இரண்டு ஜோடி வாங்கிக்கொண்டால் போதாதா? ஸ்கேட் ஷூ என்று தனியாகப் போட்டு விற்பதில் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா, அல்லது பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சின்னத்துக்குத்தான் காசு கொடுக்கிறோமா? வருடக்கணக்காக ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்.

பழையபலகை:

தம்பி, முதலில் உன் கால் எதோடு உரசுகிறது என்று பார். பலகை மேல் ஒட்டுகிற கிரிப் டேப் பெரும்பாலும் 80 கிரிட், அதாவது கரடான மரத்தை இழைக்க எடுக்கிற உப்புத்தாளின் தரம், அதில் இருப்பது சிலிக்கான் கார்பைடு துகள். ஒவ்வொரு ஆலிக்கும் முன்னங்காலைச் சாய்த்து அதன் மேல் இழுக்கிறாய், ஒவ்வொரு கிக்ஃபிளிப்புக்கும் அதே ஓரத்தால் சுண்டுகிறாய். இதைத் தாங்கி வருடக்கணக்கில் நிற்கிற துணியோ தோலோ கிடையாது. ஸ்கேட் ஷூ தேய்ந்து தீர்கிற பொருள், பலகையும் அப்படித்தான். ஆகவே தேயுமா என்று கேட்காதே, எவ்வளவு மெதுவாகத் தேயும் என்று கேள். அங்கேதான் விலைக்கு அர்த்தம் வருகிறது.

கேன்வாஸில் ஆலி அடித்தால் இழை இழையாக அறுந்து சீக்கிரமே ஓட்டை விழும். ஸ்வேட் தோல் மெதுவாகத் தேயும். முதலில் மயிர் போன்ற மேல்பரப்பு வழவழப்பாகும், அதற்குப் பிறகும் கீழே நார் இருக்கிறது, அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகும். நல்ல ஸ்கேட் ஷூவில் அந்த இடத்தில் தோல் தடிப்பாக இருக்கும், அல்லது தோலுக்குக் கீழே ஒரு ரப்பர் அடுக்கு மறைந்திருக்கும். தோல் தேய்ந்த பிறகு ரப்பர் தெரியும், அதோடும் நீண்ட நாள் ஓட்டலாம். சாதாரணக் கேன்வாஸ் இரண்டு ஜோடி வாங்குவது லாபம் என்று நினைக்கிறாய், உன்னைப் போல ஃபிளிப் அடிக்கிறவனுக்கு அது மூன்றாகி நான்காகும், கணக்குப் போட்டுப் பார்.

ஆனால் ஒன்று. அதே பிராண்டு அதே மாடலைக் கேன்வாஸிலும் விற்கும், ஸ்வேடிலும் விற்கும், விலை வித்தியாசம் சில நேரம் மிகச் சிறிது. கேன்வாஸுக்கு ஸ்கேட் ஷூ விலை கொடுப்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். அங்கே நீ சின்னத்துக்குத்தான் காசு கொடுக்கிறாய். ஸ்வேடுக்குக் கொடு, யோசிக்காமல் கொடு.

உனக்கு ஒரு கால் மட்டும் போகிறது என்ற வருத்தம் புதிதல்ல. வேன்ஸ் கம்பெனி 1966-ல் கலிபோர்னியாவில் தொடங்கியது, அப்போது ஸ்கேட் ஷூ என்று தனியாக ஒன்று இல்லை. அவர்களுடைய தடித்த பிசுபிசுப்பான ரப்பர் அடி பலகையைக் கவ்விப் பிடித்ததால் பையன்கள் தாங்களாகவே அதைத் தேடிப் போனார்கள். ஒரு கால் மட்டும் தேய்ந்து வருகிறவர்களுக்கு அந்தக் கடைகளில் ஒற்றை ஷூ விற்றிருக்கிறார்கள். 1976-ல் டோனி ஆல்வா, ஸ்டேசி பெரால்டா என்ற ஸ்கேட்டர்கள் சொன்னதைக் கேட்டு கணுக்காலைச் சுற்றி மெத்தை வைத்து எரா என்ற ஷூவைச் செய்தார்கள். ஓட்டுகிறவன் கடைக்குள் போய் இது வேண்டும், அது வேண்டாம் என்று சொன்ன காலம். இன்று ஒற்றை ஷூ யார் தருகிறார்கள்? அதுவே விலையைவிட எனக்குப் பெரிய குறை.

தோல்வேலை:

ஷூ செய்கிற தொழிலில் இருக்கிறேன், ஸ்கேட் ஷூ தொழிற்சாலையில் இல்லை, ஆனால் இரண்டும் ஒரே வேலைதான். விலை எங்கே போகிறது என்று தெரிய வேண்டுமானால் ஷூவைக் கையில் எடுத்து இரண்டு இடம் பாருங்கள்.

முதலாவது தோலின் வெட்டு விளிம்பு. நாக்கின் ஓரத்திலோ லேஸ் துளை வரிசையின் ஓரத்திலோ தோல் மடிக்காமல் வெட்டி விட்டிருப்பார்கள். அங்கே நகத்தால் லேசாகப் பிரித்துப் பாருங்கள். உண்மையான ஸ்வேட் என்றால் மேலிருந்து கீழ் வரை ஒரே மாதிரி நார்தான் தெரியும். செயற்கை என்றால் மேலே மெல்லிய பஞ்சு மாதிரி ஒரு படலமும் கீழே நெய்த துணியும் தனித்தனியாகத் தெரியும். அந்தப் படலம் போனால் எல்லாம் போயிற்று. சில மாடல்களில் உரசல் படுகிற முன்பக்கம் மட்டும் உண்மையான ஸ்வேட், குதிகால் பக்கம் செயற்கை. அது நியாயமான சிக்கனம், குறை சொல்ல மாட்டேன். முன்பக்கமே செயற்கையாக இருந்து விலை மட்டும் தோல் விலையாக இருந்தால் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இரண்டாவது அடி. இரண்டு வகை இருக்கிறது. வல்கனைஸ்டு என்பதில் மேல்பாகத்தை அச்சில் ஏற்றி, அடியில் ரப்பரை ஒட்டி, ஓரம் முழுக்க ஒரு ரப்பர் நாடாவைச் சுற்றி, ஷூவை மொத்தமாக அடுப்பில் நூறு டிகிரிக்கு மேல் வேகவைப்பார்கள். வெந்தபின் எல்லாம் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். அடி மெல்லியதாக, வளைகிறதாக இருக்கும், பலகை காலுக்குக் கீழே என்ன செய்கிறது என்று முதல் நாளிலிருந்தே தெரியும். கப்சோல் என்பதில் ரப்பரைக் கிண்ணம் மாதிரி தனியாக வார்த்துக்கொண்டு, அதற்குள் மேல்பாகத்தை வைத்து ஒட்டி, சுற்றிலும் தைப்பார்கள். அது முதலில் விறைப்பாக இருக்கும், பழகச் சில நாள் வேண்டும், ஆனால் குதிக்கிறவர்களுக்குத் தாங்குகிறது, அடியும் அதிக நாள் வருகிறது. இன்சோலை, அதாவது உள்ளே பாதத்துக்குக் கீழே இருக்கிற மெத்தையை, தூக்கிப் பாருங்கள். ஓரத்தில் நூல் ஓடியிருந்தால் தைத்திருக்கிறார்கள். வெளியே மட்டும் தையல் போல அச்சு இருந்து உள்ளே ஒன்றும் இல்லையென்றால் அது வெறும் பசைதான்.

கப்சோலுக்கு அளவு வாரியாக அச்சு வெட்ட வேண்டும், அதற்கே பெரிய முதலீடு, அதனால் அதன் விலை கூடுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. மற்றபடி தோல், ரப்பர், கூலி எல்லாம் ஏறியிருக்கிறது. 2021-ல் கப்பல் சரக்குக் கட்டணம் பல மடங்கானது, அதைக் காரணம் காட்டி எல்லோரும் ஷூ விலையை ஏற்றினார்கள். பிறகு அந்தக் கட்டணம் இறங்கியது. ஷூ விலை இறங்கியதை நான் பார்க்கவில்லை.

வெறுந்தரை:

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பழையபலகை அண்ணா சொல்வது தினமும் ஃபிளிப் அடிக்கிறவர்களுக்குப் பொருந்தும். நான் சாய்தளத்திலும் கிண்ணத்திலும் (ஸ்கேட் பார்க்கில் கிண்ணம் போலக் குழித்துக் கட்டிய தளம்) தான் ஓட்டுகிறேன், கால் பலகையில் ஊன்றியபடியே இருக்கும், இழுத்து உரசுகிற வேலை குறைவு. பெயர் தெரியாத கம்பெனியின் தட்டை அடி ஷூ எனக்கு நன்றாகவே உழைக்கிறது. எனக்கு வேண்டியது மூன்றே விஷயம்: அடி தட்டையாக இருக்க வேண்டும், ரப்பர் மென்மையாக இருக்க வேண்டும், கால் உள்ளே ஆடக் கூடாது. இது மூன்றும் ஸ்கேட் என்று எழுதாத ஷூவிலும் கிடைக்கிறது.

1987-ல் எட்னீஸ் கம்பெனி நேட்டஸ் கௌபஸ் என்ற ஸ்கேட்டர் பெயரில் ஒரு ஷூ விட்டதிலிருந்து ஒவ்வொரு பிராண்டும் ஆட்டக்காரர் பெயரைப் போட்டு விற்கிறது. அவருக்குப் பணம் போகட்டும், தப்பில்லை, ஆனால் அது என் காலுக்கு ஒன்றும் செய்வதில்லை. விளம்பரம், வீடியோ, குழுப் பயணம் எல்லாமே அந்த விலைக்குள்தான் இருக்கிறது.

பழையபலகை:

வெறுந்தரை, கிண்ணத்துக்கு நீ சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆட்டக்காரருக்குப் போகிற பணத்தைப் பற்றி மட்டும் வேறு மாதிரி நினைக்கிறேன். பலகை விற்று ஒரு ஸ்கேட்டர் பிழைப்பது கடினம், ஷூ ஒப்பந்தம்தான் பல பேருக்குச் சோறு போட்டிருக்கிறது. நாம் பார்த்துப் பார்த்துப் பழகுகிற வீடியோக்களை எடுக்கப் பணம் அங்கிருந்துதான் வருகிறது. அது வீண் செலவு என்று என்னால் சொல்ல முடியாது. என் கோபம் வேறு இடத்தில். 2002-ல் நைக்கியின் ஸ்கேட் பிரிவான நைக்கி எஸ்பி வந்த பிறகு ஓட்டாதவர்களும் ஸ்கேட் ஷூவைச் சேகரிக்கத் தொடங்கினார்கள், மறுவிற்பனை என்று ஒரு சந்தையே உண்டானது. ஓட்டுகிறவனுக்காகச் செய்த ஷூ பெட்டியைவிட்டு வெளியே வராமலே கைமாறுகிறது. அந்த மாதிரி மாடல் பக்கமே போகாதீர்கள், அதில் உழைப்புக்கு என்று கூட்டிய விலை எதுவும் இல்லை.

குதிகால்:

யாரும் உள்ளே இருப்பதைப் பற்றிப் பேசவில்லையே. படிக்கட்டு, மேடை என்று குதிக்கிறவர்களுக்கு ஓட்டை விழுகிறதா என்பது இரண்டாம் கேள்விதான். குதிகால் அடிபட்டால் வாரக்கணக்கில் ஓட்ட முடியாது, படுக்கையிலிருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போதே தெரியும். மெல்லிய வல்கனைஸ்டு ஷூவில் வரும் இன்சோல் பல நேரம் ஈவிஏ நுரைத் துண்டு ஒன்றுதான். அது அமுங்கும், அமுங்கினால் திரும்ப எழாது. ஷூ வெளியே நன்றாக இருக்கும்போதே உள்ளே செத்துவிடும். கட்டைவிரலால் குதிகால் இடத்தில் அழுத்திப் பாருங்கள், குழி அப்படியே நின்றால் வேலை முடிந்தது.

நான் செய்வது இதுதான்: நடுத்தர விலையில் ஷூ, தனியாக நல்ல இன்சோல் ஒன்று. ஷூ கிழியும்போது இன்சோலை எடுத்து அடுத்த ஷூவில் போட்டுக்கொள்கிறேன். விலை உயர்ந்த ஷூவில் கூட்டிக் கொடுப்பதில் பெரும்பங்கு அந்த மெத்தைக்குத்தான் என்றால், அதைத் தனியாக வாங்கி வைத்துக்கொள்வது லாபம். நாலுசக்கரம், நீங்கள் சமதரை என்கிறீர்கள், உங்களுக்கு இது அவசரமில்லை. ஆனால் மலிவு கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு ஒரு நாள் நண்பர்களோடு படிக்கட்டுப் பக்கம் போய்விடாதீர்கள்.

மகனுக்காக:

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் மகனுக்குப் பத்து வயது, இப்போதுதான் தள்ளி ஓட்டவும் திரும்பவும் கற்றுக்கொள்கிறான். ஸ்கேட் ஷூதான் வேண்டும் என்று நிற்கிறான். ஓட்டப் பயிற்சிக்கான ஷூ ஒன்று ஏற்கனவே இருக்கிறது, அது போதுமா?

கல்லாப்பெட்டி:

ஸ்கேட் கடையில் வேலை செய்கிறேன், விற்கிறவன் சொல்கிறான் என்று தள்ளிவிடாமல் கேளுங்கள். ஓட்டப் பயிற்சி ஷூ வேண்டாம். அதன் குதிகால் உயரமாகவும் நுரை மெத்தென்றும் இருக்கும், அடியின் ஓரம் உருண்டிருக்கும், நேராக ஓடத்தான் அது வசதி. பலகை மேல் பக்கவாட்டில் நிற்கும்போது கால் ஆடும், கணுக்கால் பிசகும். பிள்ளைக்குத் தட்டை அடி முக்கியம். ஆனால் விலை கூடிய ஸ்வேட் இப்போது தேவையில்லை. ஃபிளிப் அடிக்கத் தொடங்கும் வரை மேல்பக்கம் தேயாது, தள்ளுகிற காலின் அடிதான் தேயும், காலைத் தரையில் இழுத்து நிறுத்துவான் அல்லவா, அதனால். அதற்குள் கால் வளர்ந்து ஷூ பத்தாமல் போய்விடும். எளிய தட்டை ஷூ வாங்கிக் கொடுங்கள், மிச்சப்படுகிற காசில் ஹெல்மெட்டும் மணிக்கட்டுக் காப்பும் வாங்குங்கள்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. பலகையில் கடைக்கு நிற்கிற லாபம் மிகக் குறைவு. ஷூவும் துணியும்தான் வாடகை கட்டுகின்றன. ஆகவே ஷூ விலையில் ஒரு பகுதி அந்தக் கடை அங்கே திறந்திருப்பதற்கான விலை. அதற்காக ஏறிய விலையைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுங்கள் என்று சொல்லவில்லை. போன பருவத்து நிறத்தைக் கேளுங்கள். தோலும் அடியும் அதேதான், நிறம் மட்டும் பழையது, விலை நன்றாக இறங்கியிருக்கும். கடைக்காரர் தானாக எடுத்துக் காட்டமாட்டார், உள்ளே அலமாரியில் இருக்கும், கேட்டால்தான் வரும். ஆனால் பல வருடம் பெட்டியில் கிடந்ததை எடுக்காதீர்கள். பசை காய்ந்துபோயிருக்கும், பாலியூரித்தேன் நுரை இருந்தால் ஈரக்காற்றில் உதிரத் தொடங்கியிருக்கும்.

நாலுசக்கரம்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. தோல்வேலை சொன்னபடி கையில் இருக்கிற ஷூவின் நாக்கு ஓரத்தைப் பிரித்துப் பார்த்தேன். துணி தெரிகிறது! முன்பக்கமும் அதேதான், ஓட்டை ஓரத்தில் நெசவு பளிச்சென்று தெரிகிறது, இத்தனை நாள் அதை ஸ்வேட் என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார்கள். சரி, இருக்கிற இந்த ஜோடியை இன்னும் கொஞ்ச நாள் இழுக்க வழி உண்டா? பின்னங்கால் ஷூவைப் பார்க்கும்போது தூக்கிப்போட மனம் வரவில்லை.

எதிர்ப்பக்கம்:

பின்னங்கால் ஷூவுக்கு என்னிடம் ஒரு வழி இருக்கிறது. நான் கூஃபி, வலது கால் முன்னால். என் நண்பன் ரெகுலர், இடது கால் முன்னால். இருவருக்கும் ஒரே அளவு, ஒரே மாடல் வாங்குகிறோம். அவனுக்கு இடது போகும்போது எனக்கு வலது போகும். அவனுடைய வலதையும் என்னுடைய இடதையும் சேர்த்தால் மேல்பக்கம் கிழியாத ஒரு ஜோடி தேறுகிறது, அடி கொஞ்சம் தேய்ந்திருக்கும், பரவாயில்லை. முறை வைத்து எடுத்துக்கொள்கிறோம். ஒற்றை ஷூ யார் தருகிறார்கள் என்று பழையபலகை கேட்டார் அல்லவா, கூட ஓட்டுகிறவனிடம் கேட்கலாம்.

பழையபலகை:

எதிர்ப்பக்கம், அருமை, இத்தனை வருடத்தில் இது எனக்குத் தோன்றவே இல்லை.

நாலுசக்கரம், ஓட்டையை அடைக்க சூப்பர் குளூ வேண்டாம், காய்ந்தால் கண்ணாடி மாதிரி விறைக்கும், கால் மடங்கும் இடத்தில் வெடிக்கும். புது ஷூவில் தையல் மேல் மட்டும் மெல்லிய கோடாகத் தடவலாம், நூல் அறுவது தள்ளிப்போகும், அதற்கு நல்லது. ஓட்டைக்கு ஷூ கூ மாதிரி ரப்பராகவே காய்கிற பசை எடு. முதலில் ஓட்டையைச் சுற்றிப் பழைய கிரிப் டேப் துண்டால் தேய்த்துக் கரடாக்கு, தூசியைத் துடை. உள்ளே இருந்து ஒரு துண்டு டேப் ஒட்டு, இல்லையென்றால் பசை சாக்ஸ் பக்கம் வழியும். அப்புறம் பசையைப் போட்டு, பனிக்கட்டியாலோ நனைத்த விரலாலோ மெல்ல வழித்துவிடு, ஈரத்தில் அது ஒட்டாது, மேல்பரப்பு சமமாக வரும். மொத்தமாக அப்பாதே, இரண்டு மெல்லிய பூச்சு போதும், மேடு தட்டினால் ஃபிளிப் சுண்டும்போது பலகை வேறு மாதிரி சுழலும். ஒரு முழு நாள் தொடாதே, இரண்டு மூன்று நாள் விட்டால் இன்னும் நல்லது. ஜன்னலைத் திறந்து வைத்துச் செய், அந்த வாடை தலையைச் சுற்றவைக்கும்.

லேஸ் அறுந்தால் உரசல் படுகிற அந்த ஒரு துளையை விட்டுவிட்டுக் கட்டு.

நாலுசக்கரம்:

பசை வாங்கி வைத்துவிட்டேன் அண்ணா, வார இறுதியில் ஒட்டுகிறேன். அடுத்தது போன பருவத்து நிறத்தில் முழு ஸ்வேட், நாக்கு ஓரத்தைப் பார்த்துவிட்டுத்தான் காசு. எதிர்ப்பக்கம், எங்கள் கூட்டத்தில் கூஃபி ஒருவன் இருக்கிறான், என்னைவிட அரை அளவு பெரிது. தடித்த சாக்ஸ் போட்டால் ஒத்துவருமா?

எதிர்ப்பக்கம்:

அவனுடைய ஷூ உங்களுக்குச் சமாளிக்கும், உங்களுடையது அவனுக்கு விரலைக் கடிக்கும். ஒரே அளவில் ஆள் கிடைக்கும்வரை தேடுங்கள்.